எண்ணிச் செலவிடுதல்

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், கணக்கிடாதவன் சிந்திப்பதில்லை என்று கருதினார்களோ என்னவோ! 'செலவு' என்பதும் அத்தகைய சொல்லே. பண்டை இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். வருவது வரவு, செல்வது செலவு. நம் கையிலுள்ள பணமும் ஒரு பயணிதான். அது எங்கே செல்கிறது? ஏன் செல்கிறது? அதை அனுப்பியவர் யார்? இவ்வினாக்களைக் கேளாமலேயே அதை வழியனுப்பிவிட்டு, வெறுங்கையைப் பார்த்துத் திகைக்கும் குடும்பங்களைப் பங்குப் பணியில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களை மனத்திற்கொண்டே இச்சிந்தனையை எழுதுகிறோம்.

கடன் நமக்குப் புதியதன்று. மருத்துவமனைக் கடன், மகளின் திருமணக் கடன், மழை பொய்த்ததால் வந்த கடன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் இருப்பதால் ஊரார் இரக்கமும் உண்டு. ஆனால் பெயர் சொல்ல இயலாத கடன் ஒன்று இன்று வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. எதற்காகக் கடன்பட்டீர்கள் என்று கேட்டால், கடன்பட்டவருக்கே விடை தெரிவதில்லை. வீட்டில் பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கான தேவை மட்டும் எங்கும் காணப்படுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறோம். ஊரையும் பெயரையும் மறைத்திருக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் இதில் இல்லை. கணவர் காலமாகிவிட்டார். மகன்கள் இருவரும் வெளிநாட்டில். பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பதற்காக அவர்கள் வாங்கித் தந்த கைப்பேசியே அவருக்குக் கடைத்தெருவாயிற்று. முதலில் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. அண்டை வீட்டார் எண்ணத் தொடங்கியதும், பங்கு அலுவலக முகவரிக்கு வரலாயின. ஒருநாள் கோயில்பிள்ளை நம்மிடம், "சாமி, இந்த மாதம் மட்டும் அம்மாவுக்கு 14 பெட்டி வந்திருக்கிறது. நம் அலுவலகத்தில் வைக்க இடமில்லை" என்றார்.

மாலைத் திருப்பலிக்குப் பின் அந்த அம்மையாரே வந்தார். வாங்கியவற்றின் பட்டியலைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிரிக்கப்படாத படுக்கை விரிப்புகள், மூன்றாவது மிக்சி, பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இனி உதவாத விளையாட்டுப் பொருள்கள். கடன் அட்டைக்குக் கட்டுவதற்காகத் தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. மகன்களுக்குத் தெரியாது. "ஏன் அம்மா வாங்குகிறீர்கள்?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "பெட்டி வரும் என்று காத்திருக்கிற இரண்டு நாளும், வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல இருக்கும் சாமி. பிரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை."

அவருக்கு அறிவுரை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சிக்கனத்தைப் பற்றி அவர் அறியாதது எதையும் நாம் சொல்லிவிட முடியாது. 30 ஆண்டுகள் மருத்துவமனையில் மருந்தைத் துளித்துளியாக அளந்து கொடுத்த கைகள் அவை. அவர் வாங்கியது பொருளை அன்று. காத்திருப்பதற்கு ஒரு காரணத்தை.

இந்நிலைக்கு மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறது. செருமானிய உளமருத்துவர் எமில் கிரெப்பெலின் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தம் பாடநூலில் இதனை விவரித்தார். 'ஓனியோமேனியா' என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் 'ஓனியோஸ்' என்றால் விற்பனைக்கு உள்ளது. 'மனியா' என்றால் பித்து. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு இதனைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது. ஆயினும், மனச்சோர்வும் பதற்றமும் இதனோடு கைகோத்து வருவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே கட்டுக்கடங்காத நிலையில் இருப்பவரை 'ஊதாரி' என்று ஏசுவது, காய்ச்சல்காரரைச் சூடாக இருப்பதற்காகக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும். அவருக்கு மருத்துவரும் வேண்டும். அருகிருக்க ஓர் ஆளும் வேண்டும். ஏச்சு அவரை நாணச் செய்யும். அந்த நாணத்தைத் தணிக்க அவர் மீண்டும் கடைக்கே செல்வார்.

ஆனால் தனி மனிதரின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்து நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையையே கண்டவர்களாவோம். மறுபாதி கடையில் இருக்கிறது. பழங்காலச் சந்தைக்குத் தேவை உள்ளவன் சென்றான்; பேரம் பேசினான்; படியவில்லையென்றால் திரும்பினான். 1852 இல் பாரிசு நகரின் 'போன் மார்ஷே' அங்காடியில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோ என்பவர் அதனைப் பேரங்காடியாக வளர்த்து இவ்வழக்கத்தை மாற்றினார். விலை எழுதி ஒட்டப்பட்டது. யாரும் நுழையலாம், பார்க்கலாம், தொடலாம், வாங்காமலும் போகலாம் என்றாயிற்று. இதில் நேர்மை இருந்தது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே விலை. ஆனால் தேவையின்றிக் கடைக்குள் உலவும் மனிதரும் இதனால்தான் தோன்றினார். இத்தகைய அங்காடிகளை நேரில் கண்டு ஆராய்ந்த எமில் சோலா, அவற்றின் கவர்ச்சியில் வீழ்ந்த பெண்களை 1883 இல் தம் புதினம் ஒன்றில் வரைந்து காட்டினார்.

நம் ஊரிலும் இதன் சாயலைக் காண்கிறோம். ஆடி மாதத்தில் திருமணங்கள் பெரும்பாலும் நடைபெறுவதில்லை. ஆகவே துணிக்கடைகளுக்கு அது வற்றிய காலமாக இருந்தது. இன்று தள்ளுபடி விளம்பரங்களால் கடைத்தெரு நிரம்பி வழியும் மாதம் அதுவே. 2,000 ரூபாய்ப் புடவையை 1,200 ரூபாய்க்கு வாங்கியவர் 800 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மகிழ்கிறார். புடவை தேவைப்படாதிருந்தால் அவர் 1,200 ரூபாயை இழந்தார் என்பதே கணக்கு.

விரும்புவதற்கும் அடைவதற்கும் இடையே முன்பு ஒரு தொலைவு இருந்தது. கடைக்கு நடக்க வேண்டும். பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பை இளைப்பதைக் காண வேண்டும். வணிகத்தின் புதுமைகள் பலவும் இத்தொலைவைக் குறைப்பவையாகவே வந்திருக்கின்றன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த திராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001 இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டபோது, ரொக்கமாகக் கட்டவேண்டும் என்று அறிவிக்கப்பட்டவர்களைவிட, கடன் அட்டையில் கட்டலாம் என்று அறிவிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டனர். நம் நாட்டில் 2016 இல் யூபிஐ முறை வந்தது. சிறு வணிகருக்கும் ஏழைத் தொழிலாளருக்கும் அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பணம் கையில் படாமலே போகிறது. எண்ணுதல் என்னும் செயல் நிகழ்வதேயில்லை. பெருநகரங்களில் பத்து நிமிடத்தில் பொருளை வாசலில் சேர்ப்பதாகப் போட்டியிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் மனம் மாற நேரமேது?

தவணையோ தொலைவை மறைத்துவிடுகிறது. 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் காணாதவர் இலர். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று இல்லை என்றும், வட்டி பெரும்பாலும் சேவைக் கட்டணமாக மறைந்து வருகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. கடன் அட்டையின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் நிலுவை. வட்டி மாதம் 3.5 விழுக்காடு, குறைந்த அளவாகக் கட்டவேண்டியது 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது 2,500 ரூபாய். அதில் வட்டிக்கு 1,750 ரூபாய். வட்டியின்மேல் 18 விழுக்காடு வரியாக 315 ரூபாய். அசலில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நிம்மதியடைபவர், கரை தெரியாத ஆற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது? சங்கப் பாடல்களில் 'செலவழுங்கல்' என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாடிய முகத்தைக் கண்டு, பயணத்தைச் சற்றே தாழ்த்துகிறான். இதனைப் போகவே மாட்டான் என்று கொள்ளலாகாது. அவளைத் தேற்றுதற்பொருட்டுத் தாழ்த்தினான் என்றே கொள்ளவேண்டும் என்பது தொல்காப்பியர் தரும் விளக்கம். பொருளை ஈட்டப் போகும் செலவுக்கே அத்தகைய தாழ்ப்பு வேண்டியிருந்ததென்றால், ஈட்டிய பொருளைப் போக்கும் செலவுக்கு எவ்வளவு வேண்டும்! வீட்டிலுள்ளோர் முகத்தை ஒருமுறை நோக்கிவிட்டுப் பணத்தை அனுப்புவோமாக. உலகம் பறித்துக்கொண்ட இடைவெளியை நாமே மீண்டும் உண்டாக்கிக்கொள்வதுதான் இந்நோய்க்கு முதல் மருந்து.

அந்த அம்மையாரும் நாமும் சேர்ந்து இதற்கான வழிகளைத் தேடினோம். கைப்பேசியில் சேமித்துவைத்த அட்டை எண்ணை நீக்கினார். இனி வாங்கவேண்டுமானால் எழுந்து சென்று அட்டையை எடுத்துவந்து எண்களை ஒவ்வொன்றாக இடவேண்டும். தள்ளுபடிச் செய்திகள் வருவதை நிறுத்தினார். வாங்க விரும்பும் பொருளை உடனே வாங்காமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளிட்டு எழுதி, ஏழு நாள் கழித்தும் வேண்டுமென்று தோன்றினால் வாங்குவது என முடிவு செய்தார். ஓய்வூதியம் வந்ததும் மளிகை, மருந்து, மின்கட்டணம், காணிக்கை எனத் தனித்தனி உறைகளில் ரொக்கத்தை இட்டுவைத்தார். உறை தீர்ந்தால் அம்மாதம் அவ்வளவே. இவை யாவும் எளியவை; புதியவையும் அல்ல. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் செய்துவந்த நிதி நிர்வாகமே இது.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். குருமடத்தில் நாம் கற்றவற்றுள் நாள்தோறும் உதவுவது புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை. 1548 இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலில், ஒரே ஒரு குறையை மட்டும் தெரிந்தெடுத்துத் திருத்திக்கொள்ளும் முறை ஒன்றை அவர் கற்பிக்கிறார். வாரத்தின் ஏழு நாள்களுக்கும் நாளுக்கு இரண்டு கோடுகள். நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். படைவீரராய் இருந்தவர் வகுத்த முறை. அதில் அழுகை இல்லை, எண்ணிக்கை இருக்கிறது. இளங்குருமாணவர்களாய் இருந்தபோது இது வணிகர் பேரேடு போலத் தோன்றியது. வயது ஏற ஏற, இதன் இரக்கம் நமக்கு விளங்குகிறது. 'நான் கெட்டவன்' என்னும் எல்லையற்ற சுமையை, 'இன்று மூன்று புள்ளி' என்னும் தூக்கக்கூடிய சுமையாக அது மாற்றிவிடுகிறது.

அம்மையார் தம் நோட்டில் புள்ளி வைத்தார். பொருளின் பெயருக்குப் பக்கத்தில், அதை விரும்பிய வேளையையும் எழுதினார். இரண்டு வாரத்தில் ஓர் உண்மை புலப்பட்டது. ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளும் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் விழுந்திருந்தன. கணவர் உயிரோடிருந்தபோது இருவரும் உண்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவரே அதைக் கண்டார், நாம் சுட்டிக்காட்டவில்லை.

அதன்பின் அரிய செயல் ஒன்றைச் செய்தார். மகன்களிடம் சொன்னார். இளையவர் சினந்து, சில வாரங்கள் பேசவேயில்லை. மூத்தவர் இரவு 8 மணிக்கு அழைக்கத் தொடங்கினார். முதல் மாதம் 14 ஆக இருந்த பெட்டிகள் அடுத்த மாதம் 9 ஆயின. அதற்கடுத்த மாதம் மீண்டும் 11. கிறிஸ்துமஸ் காலத்தில் மற்றொரு சறுக்கல். ஆறாம் மாதம் 3. புதுமை எதுவும் நிகழவில்லை. சங்கிலி மீண்டு வர 17 மாதங்கள் ஆயின. மறைவில் வளர்வதே இந்நோயின் இயல்பு. பிறர் கண்ணில் பட்ட அன்றே அதன் வலிமை பாதி குன்றிவிடுகிறது என்பதை அவரிடமிருந்து கற்றோம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. செலவைக் கட்டுப்படுத்தக் கற்றவர், சில வேளை கையை இறுக மூடிக்கொள்ளவும் கற்றுவிடுகிறார். தாராளம் என்னும் நற்பண்பு, கருமித்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே நிற்கிறது என்பது புனித தாமசு அக்குவினாசின் போதனை. அவ்விரு குறைகளுள் கருமித்தனமே பெரிதென்று அவர் கொள்கிறார். ஊதாரியால் பிறராவது பயனடைகிறார்கள். மேலும் அவன் எளிதில் திருந்தக்கூடியவன் என்று காரணமும் காட்டுகிறார். ஊதாரிக்கு இறையியலார் தரும் இவ்வாறுதலை நாம் மறைக்கக்கூடாது. கீரைக்காரப் பாட்டியிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, இரவில் கைப்பேசியில் இரண்டாயிரத்தை விரல் நுனியால் தள்ளிவிடுகிறோம். பேரத்தை அங்கே குறைத்து, தயக்கத்தை இங்கே கூட்டுவதுதான் எண்ணிச் செலவிடுதல்.

தஞ்சாவூரில் 1892 இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பாவை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளியல் கல்வியும் பெற்று, 1929 இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் சிற்றூர்த் தொழில்களுக்கே வாழ்வை ஒப்படைத்தவர் அவர். சிறையிலிருந்தபோது அவர் எழுதிய நிலைத்த பொருளியல் பற்றிய நூல் 1945 இல் வெளிவந்தது. ஒரு பொருளை வாங்குபவர், அப்பொருள் எத்தகைய நிலைமைகளில் செய்யப்பட்டது என்பதற்கும் பொறுப்பாளராகிறார் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. விலைக்கு அப்பால் நெறி ஒன்று உண்டு என்றார் அந்தக் கணக்காயர். நம் பணம் எந்த வீட்டில் விளக்கேற்றுகிறது, யாருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது என்று கேட்டுப் பழகியவருக்கு, வேண்டாதவற்றை வாங்கும் ஆசை தானாகவே தளர்கிறது. வாங்கும் பொருளில் முகம் தெரியத் தொடங்குகிறது.

காணாமற்போன மகன் உவமையை ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்கிறோம். அவனுடைய மனமாற்றம் எப்போது தொடங்குகிறது? தந்தை ஓடிவந்து தழுவியபோது அன்று; அதற்கு முன்பே, பன்றிகளின் நடுவில். தந்தையின் கூலியாள்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உணவு எவ்வளவு, தன் நிலை என்ன என்று அவன் முதன்முறையாகக் கணக்கிடுகிறான். எண்ணாமல் வாழ்ந்தவன் எண்ணத் தொடங்கிய அக்கணமே எழுந்து நடக்கிறான். அவன் சொத்தில் ஒரு காசும் திரும்பி வரவில்லை. அவனே திரும்பி வந்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம்மவர் வழக்கு. அன்புள்ள வாசகரே, பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் வெற்றுத் தாள்கள் மீதமிருக்கும். இன்றிரவு ஒன்றை எடுத்து, இன்று சென்ற பணத்தை எழுதிவைப்பீர். தொகையோடு வேளையையும் எழுதுவீர். ஒரு மாதம் கழித்து, உங்கள் அன்புக்குரிய ஒருவரிடம் அதைக் காட்டுவீர். புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. பென்சில்கூட வீட்டிலேயே இருக்கும்.